தழைக் கிண்ணம்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

உன் அக்காவுக்கு நீ போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே ரொட்டி டப்பாவின் மேல் கிடந்தன. வேண்டுமென்றே பிரிக்கவில்லை என்று நினைக்காதே. படிக்கத் தெரியாதவன் பிரித்து என்ன செய்வது? நேற்றுத்தான் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு மாதமாக ஒரு வரி இல்லையே, கோபமா என்று கேட்டிருக்கிறாய். கோபம் இல்லை. அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை. குழாயடியில் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கெட்டில் நிறைந்து வழிகிறது, அவள் குழாயை மூடவில்லை. "என்ன, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று கேட்டேன். திரும்பினாள். முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். புத்தியெல்லாம் தெளிவு. நான் சட்டையை மாற்றிப் போட்டால் முறைக்கிறாள். இடது கை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பேனா பிடித்தால் கோடுதான் வருகிறது.

பிரச்சினை சாப்பாடு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதென்ன என்று நான் அடியோடு நிறுத்திவிட்டேன். கஞ்சி, சூப், வேகவைத்த முட்டை, எது கொடுத்தாலும் இரண்டு ஸ்பூன். மூன்றாவதற்கு வாயை மூடிக்கொள்கிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். மார்ச் பாதி வரை பார்ப்பாராம் டாக்டர், அதற்குமேல் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் என்கிறார். குழாய் என்ற பேச்சைக் கேட்டதும் அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பரண்மேலிருந்து வார்ப்பிரும்புச் சட்டியை இறக்கினேன். கறிக்கடையில் கால் சதையாகப் பார்த்து வாங்கி, பெரிய துண்டாக வெட்டி, மாவில் புரட்டி, நாலு நாலாகச் சிவக்க வறுத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் வறுபடாது, வெந்துபோகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயம், கேரட், எலும்புச் சாறு, கறுப்பு பியர் ஒரு பாட்டில். மூடி போட்டு ஓவனில் மூன்றரை மணி நேரம். மூடியைத் திறந்த சத்தம் கேட்டு அவள் கட்டிலில் தானே எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். பிறகு தட்டின் காலிப் பாதியை விரலால் தட்டினாள். டக், டக், டக். எனக்குப் புரிந்துவிட்டது. மசியல் எங்கே என்று கேட்கிறாள்.

அது எனக்குத் தெரியாது. கப்பல் பட்டறை வாசலில் இருபத்தாறு வருஷம் நாம் கடை போட்டிருந்தோம். முதுகுக்கு முதுகு நின்று சமைத்தோம். ஊரே என்னைச் 'சட்டி' என்றும் உன்னை 'மசியல்' என்றும் கூப்பிட்டது. ஆனால் முதல் வாரமே ஒருவர் பாத்திரத்தில் ஒருவர் கரண்டி விட்டுச் சண்டை போட்டுக்கொண்டதில் உன் அக்கா போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? "அவன் பானைய நீங்க தொடக்கூடாது, உங்க சட்டிய அவன் தொடக்கூடாது. ரெண்டையும் சேத்து வெளிய அனுப்புறது என் பாடு." அன்று முதல் நான் உன் பானைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. எப்படிச் செய்வாய் என்று எழுது.

இதற்காக அந்தச் செவ்வாய்க்கிழமையை மறந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே. பதினோரு வருஷமானாலும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. உன் அக்கா கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தாள். நானே ஜன்னலில் நின்று பரிமாறினேன். வெளியே அறுபது பேர். கிரேன் ஓட்டுகிறவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார். "என்ன சட்டி, இன்னைக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடா? உப்பு விலை ஏறிப்போச்சா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மசியலில் உப்பே போடாமல் என்னைத் தலைகுனிய வைத்தாய். கேட்டதற்கு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாய். மசிக்கும் கட்டையையும் எடுத்துக்கொண்டு போனாய்.

(இங்கே அவர் சொன்ன இரண்டு சொற்களை நான் எழுதவில்லை. மற்றபடி அவர் பேச்சை எழுத்தாக்கியதுதான் என் வேலை. மருந்துக்கடைக்காரர்.)

கீழே என் கைநாட்டு. நான்தான் கேட்டேன் என்று நீ நம்ப வேண்டுமே.

அத்தான்


பிப்ரவரி 17

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

அக்காவுக்கு இப்படி ஆனதை ஐம்பத்து மூன்று நாள் கழித்து, மசியல் எப்படிச் செய்வது என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில் தெரிந்துகொள்கிறேன். காய்கறி மண்டியில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். மூட்டை தூக்குகிறவர் "யாருக்கு என்ன?" என்று கேட்டார். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

உடனே புறப்பட வேண்டும் என்று பையைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு கடிதத்தை மறுபடியும் படித்தேன். செய்முறை கேட்டிருக்கிறீர்கள், செவ்வாய்க்கிழமையைச் சொல்லியிருக்கிறீர்கள், கட்டையைச் சொல்லியிருக்கிறீர்கள். வா என்று ஒரு சொல் இல்லை. பின்வாசல் வழியாகப் போனவன் எந்த வாசல் வழியாக வருவது என்று எனக்குத் தெரியவில்லை. பையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

செய்முறை சொல்கிறேன். உருளைக்கிழங்கு இரண்டு பங்கு, டர்னிப் ஒரு பங்கு, கேரட் ஒரு பங்கு. டர்னிப் சின்னதாக, கையில் கனமாக இருக்க வேண்டும். பெரியது நாராக இருக்கும். கேரட்டையும் டர்னிப்பையும் முதலில் போடுங்கள், கால் மணி நேரம் கழித்து உருளைக்கிழங்கு. எல்லாம் ஒன்றாகப் போட்டால் உருளைக்கிழங்கு கரைந்து மற்றது விறைத்து நிற்கும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, வெறும் பானையை மறுபடி அடுப்பில் வைத்து ஆவி அடங்கும்வரை குலுக்குங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வெண்ணெய், அதன் பிறகு சூடான பால். பச்சைப் பால் ஊற்றினால் பசையாகிவிடும். மிளகுத்தூள், ஜாதிக்காய் ஒரு சுரண்டல். கட்டையால் மேலிருந்து கீழாகக் குத்த வேண்டும், சுழற்றக் கூடாது.

நீங்கள் கிளறிவிட்டதால் நானும் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பானையில் தப்பில்லை. தினமும் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். தப்பு உங்கள் சட்டியில். "வேணும்னே பண்ணியா?" என்று நீங்கள் கேட்டீர்கள். உங்களோடு இருபத்தாறு வருஷம் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? அக்கா காரணம் கேட்டு எழுதியபோதெல்லாம், அத்தானைக் கேள் என்று மட்டும் பதில் எழுதினேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கட்டை என்னுடையது. உடைந்த நாற்காலியின் காலைச் சீவி நானே செய்தது. அந்த நாற்காலியை உடைத்தது நீங்கள்.

அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மச்சான்


பிப்ரவரி 25

மச்சானுக்கு,

நாற்காலி ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்தது. அதில் உட்கார்ந்தது மட்டும்தான் நான்.

நீ சொன்னபடியே செய்தேன். கட்டை இல்லாததால் பாட்டிலின் அடியால் குத்தினேன். கட்டி கட்டியாக வந்தது. நிறம் மட்டும் உன்னுடையது மாதிரியே, அந்திவெயில் பட்ட சுவர் மாதிரி இருந்தது. உன் கடிதத்தை அவளுக்கு மருந்துக்கடைக்காரர் படித்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமைச் சங்கதியை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லிவிட்டேன். நான் அவளிடம் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. கேட்டபோதெல்லாம், உன் தம்பியைக் கேள் என்றேன். நீயும் அதே வேலையைத்தான் பார்த்திருக்கிறாய்.

தட்டைக் கண்டதும் அவள் முகம் மாறியது. கறியும் மசியலுமாக நாலு ஸ்பூன் உள்ளே போயிற்று. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் நிறுத்திவிட்டாள். இடது கையைத் தட்டுக்கு மேலே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினாள். விரல் மரத்துப்போய்விட்டதோ என்று தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில் இல்லை, என் தலையில்.

இப்போது கேட்கப்போவதற்குக் காரணம் இந்த மருந்துக்கடைக்காரர். மனுஷன் எதையும் மருந்துச் சீட்டு மாதிரிதான் படிப்பார். உன் கடிதத்தில் செய்முறையை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெண்ணெய் இருக்கு, பால் இருக்கு, ஜாதிக்காய் கூட இருக்கு. உப்பு எங்கங்க?"

"எழுத மறந்திருப்பான்."

"ஜாதிக்காய் ஒரு சுரண்டல் வரைக்கும் எழுதினவர் உப்ப மறப்பாரா? சரி, உங்க சட்டிக்கு எவ்வளவு போடுவீங்க?"

"நான் போடறதில்ல."

"என்னது?"

"உப்பு போட்டா கறி விறைச்சுக்கும். குழம்பும் வத்த வத்தக் கரிச்சுப் போகும். மசியல்ல தூக்கலா இருக்கும், ரெண்டும் வாயில சேந்தா சரியாயிடும்."

"மசியல்ல தூக்கலா இருக்கும்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ருசி பார்க்கும்போது என் குழம்பு சப்பென்றுதான் இருக்கும். மத்தியானம் ஜன்னலிலிருந்து நம் தட்டு வரும்போது கச்சிதமாக இருக்கும். அப்படியென்றால் மிச்சம் உன் பானையிலிருந்து வந்தது என்று நானாகத் தீர்மானித்துக்கொண்டேன். நீ போனதற்கு மறுநாள் அவளே மசியலும் செய்தாள். சட்டியில் நான் எதையும் மாற்றவில்லை, சாப்பாடு பழையபடி சரியாக இருந்தது. குற்றவாளி நீதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நீ மசியலுக்கு எவ்வளவு உப்புப் போடுவாய்? கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உள்ளதை எழுது. அவள் இன்று இரண்டு ஸ்பூன் கஞ்சியோடு நிறுத்திவிட்டாள்.

அத்தான்


மார்ச் 5

அத்தானுக்கு,

நான் மசியலுக்கு உப்பே போட்டதில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கறியை ஒரு வெள்ளை டப்பாவில் கைவிட்டு வாரி வாரிப் புரட்டுவீர்கள். என் முதுகுக்குப் பின்னால் அந்த டப்பாவின் மூடி சத்தம் கேட்கும். அதில் மாவோடு உப்பும் கலந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இத்தனை கைப்பிடி உப்புக்கு மசியல் வெறுமனே இருந்தால்தான் தாங்கும் என்பது என் கணக்கு. எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அக்காவின் சட்டத்தை மீறக் கூடாது என்று நானும் பார்க்கவில்லை. தனியாக வந்த பிறகு என் ஒரு ஆளுக்கு மசியல் செய்யும்போது உப்புப் போட்டேன். தொட்டுக்கொள்ள உங்கள் குழம்பு இல்லையே, அதனால் போடுகிறோம் என்று நினைத்தேன்.

அப்படியென்றால் இருபத்தாறு வருஷம் அந்த அறுபது பேரும் சாப்பிட்ட உப்பு யார் போட்டது? பட்டறைச் சங்கு ஊதியதும் நாம் இரண்டு பேரும் அடுப்பைவிட்டு நகர மாட்டோம். கறியை நீங்கள் நீட்டுவீர்கள், மசியலை நான் நீட்டுவேன். அதற்கப்புறம் தட்டு என்ன ஆகிறது என்று நாம் பார்த்ததே இல்லை. உங்களுக்குத்தான் எல்லாம் நினைவிருக்குமே. கிரேன்காரர் அன்று போட்டிருந்த தொப்பியின் நிறம் கூட உங்களுக்கு நினைவிருக்கும். யோசித்துப் பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஜன்னலில் யார் இல்லை?

கட்டையை இத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குத்துங்கள், சுழற்றாதீர்கள். பிடியில் கொஞ்சம் வெடித்திருக்கிறது, துணி சுற்றிப் பிடியுங்கள்.

மார்ச் பாதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. மண்டியில் லீவு கேட்டால் தருவார்கள். கேட்கட்டுமா வேண்டாமா என்று தெரியாமல்தான் இருக்கிறேன்.

மச்சான்


மார்ச் 13

மச்சானுக்கு,

தொப்பி மஞ்சள் நிறம். அதை விடு.

உன் கடிதத்தை மருந்துக்கடைக்காரர் படித்து முடித்ததும் நான் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு அந்தக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. ஜன்னல் பலகையில் இடது பக்கம் ஒரு நீலக் கிண்ணம் இருக்கும், விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். காலையில் வந்ததும் அவள் பார்ஸ்லித் தழையைப் பொடியாக நறுக்கி அதில் வைப்பாள். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சிட்டிகை தூவி, தட்டின் ஓரத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, வெளியே தள்ளுவாள். அழகுக்குத் தூவுகிறாள் என்று இருந்தேன். அந்தத் தழை எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருக்கும், கிண்ணத்தின் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை தழையை நறுக்கியது நான். அதே கத்தி, அதே கிண்ணம். கடை மூடும்வரை தழை காய்ந்தே கிடந்தது. பதினோரு வருஷமாக இது என் கண்ணுக்குள் இருக்கிறது. ஏன் என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. உப்புப் பட்டால்தான் தழை அப்படித் தண்ணீர் விடும்.

மருந்துக்கடைக்காரர் டாக்டருக்குப் போன் போட்டார். "குறைக்கத்தான் சொன்னேன், யார் நிறுத்தச் சொன்னது?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. ஒரு நாளைக்கு அரை டீஸ்பூன் வரை பரவாயில்லையாம், முதலில் உள்ளே ஏதாவது போகட்டும் என்றாராம்.

நேற்று உன் கட்டையால் குத்தினேன். சட்டி, மசியல், இரண்டிலும் ஒரு கல் உப்புப் போடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, இரண்டு தட்டு வைத்து, ஒரு கிண்ணத்தில் தழையும் பக்கத்தில் அரை டீஸ்பூன் உப்பும் வைத்தேன். கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். இடது கையால் உப்பைத் தழையில் கொட்டினாள். விரலால் பிசறினாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துத் தட்டின் மேல் தூவினாள். அன்றைக்கு அவள் காட்டியது அதைத்தான். நான் தைலம் தேய்த்தேன்.

"இருபத்தாறு வருஷமா நீதானா?" என்று கேட்டேன். இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி பார்த்தாள்.

அதன் பிறகுதான் செவ்வாய்க்கிழமைச் சங்கதியைச் சொன்னேன். கிரேன்காரர் சிரித்தது, நான் உன்னைக் கேட்டது, நீ ஏப்ரனை மாட்டியது எல்லாம் சொன்னேன். உப்புக்காகத்தான் உன் தம்பியும் நானும் பேசுவதில்லை என்று சொன்னேன். அவளுடைய ஒரு பக்கத்து வாய் சிரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மடியிலிருந்த ஈரத்துணியை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். இடது கை என்றாலும் குறி தப்பவில்லை.

சாப்பிட்டாள். பதினேழு ஸ்பூன். பதினேழாவதற்குத் தட்டு காலி. டாக்டர் இன்று காலை வந்து பார்த்துவிட்டுக் குழாயைப் பற்றிப் பேசாமல் போய்விட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அவள் அலமாரியைக் காட்டி மேஜையைத் தட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். கடைசியில் நானே மூன்றாவது தட்டை எடுத்து வந்தேன். விரலைக் காட்டிக் கறி வைக்கச் சொன்னாள், மசியல் வைக்கச் சொன்னாள். தழையைத் தூவினாள், ஓரத்தைத் துடைத்தாள். இடது கையாலேயே ஒரு முழுச் சுற்றுத் துடைத்தாள். துடைத்துவிட்டு ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு நேராகத் தள்ளிவைத்தாள். நான் எடுக்கப் போனேன், கையில் ஒரு அடி விழுந்தது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு நான்தான் அதைச் சாப்பிட்டேன். மசியல் உன் கட்டையால் குத்தியும் கட்டியாகத்தான் இருக்கிறது.

இன்று மத்தியானமும் மூன்று தட்டு வைக்க வைத்தாள். தினமும் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட எனக்கு வயிறு இல்லை. மண்டியில் லீவு கேள். நீ கேட்டிருந்தாயே, இந்த வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது, இருப்பது ஒரு வாசல்தான். அந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை, அது ஆடாது.

கீழே இரண்டு கைநாட்டு இருக்கின்றன. பெரியது என்னுடையது. மற்றது சாப்பிட்ட கையைக் கழுவாமலே அவள் வைத்தது. அதில் பச்சையாக ஒட்டியிருப்பதைத் துடைத்துவிடாதே.

அத்தான்